கௌசிகாவின் கொப்பி

கொப்பி என்றால் கௌசிகாவின் கொப்பி என்று ஜெயரூபி ரீச்சர் எத்தனை தரம் வகுப்பில் தூக்கிக் காட்டியிருப்பார்! "இஞ்ச பாருங்கோ, இதுக்குப் பேர்தான் கொப்பி. நீங்கள் எல்லாரும் வைச்சிருக்கிறது கோழி கிண்டின முற்றம்." பிள்ளைகள் சிரிப்பார்கள். கௌசிகா தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கமான பிள்ளை என்று ரீச்சர் நினைத்தார். அடக்கமாவது மண்ணாவது! பயத்தை ஒளித்துக்கொண்டிருந்த பிள்ளை அது. இரண்டு வருடமாகப் பிள்ளையை முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தும் தெரியாத இந்தக் கண்ணை என்ன செய்வது என்று அவருக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

ஜெயரூபிக்கு வயது நாற்பத்துநாலு. பாலையூற்றில் வீடு. தினமும் இரண்டு பஸ் மாறி நிலாவெளிக்குப் போய்த் தமிழ் படிப்பிக்கிறவர். பதினெட்டு வருடச் சேவையில் அவருடைய சிவப்புப் பேனை கூடுதலாக எழுதிய வார்த்தை "மிக அழகு" என்பதுதான். கௌசிகாவின் கொப்பியில் அது பக்கத்துக்குப் பக்கம் இருந்தது, கீழே ரீச்சரின் கையெழுத்தும் திகதியும். ஒன்பதாம் ஆண்டில் அழகிய எழுத்துக்கான பரிசையும் அவளுக்கே கொடுத்தார்கள். பரிந்துரைத்தது வேறு யார்?

ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது அதிபர் கூப்பிட்டார் என்று ரீச்சர் ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். பிறகு கொப்பி திருத்தும்போது பார்த்தால், மற்றப் பிள்ளைகள் சொல்லை நிரப்பியிருந்தார்கள், அல்லது விட்டிருந்தார்கள். கௌசிகா அந்தப் பாதிச் சொல்லைப் பாதியாகவே, அச்சு மாதிரி எழுதியிருந்தாள். கெட்டிக்காரத்தனமான கீழ்ப்படிவு என்று நினைத்து அதற்கும் ஒரு "மிக அழகு" போட்டார். சோதனைப் புள்ளி எப்போதும் முப்பதைத் தாண்டாது. "சோதனைப் பயம்" என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதிவிட்டு அடுத்த அறிக்கைக்குப் போய்விட்டார்.

கௌசிகா பத்தாம் ஆண்டுக்கு வந்த அந்தத் தை மாதம் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆறாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டு வரை வாசிக்கத் தெரியாத பிள்ளைகளைக் கண்டுபிடித்து, பரிகாரக் கற்பித்தல் நடத்தி, வருடம் முடிவதற்குள் மற்றவர்களோடு சேர்த்துவிட வேண்டுமாம். பத்து வருடமாகத் தேங்கின தண்ணீரைப் பத்து மாதத்தில் இறைக்கச் சொல்லிக் கடிதம் எழுதுவது லேசு, அதற்கு ஒரு குளிரூட்டிய அறையும் ஒரு முத்திரையும் காணும். அதிபர் குலசிங்கம் கடிதத்தை அப்படியே ஜெயரூபியின் மேசையில் வைத்துவிட்டு, "நீங்கள்தான் ரீச்சர் இதுக்குச் சரியான ஆள்" என்று சொல்லிவிட்டுப் போனார். புகழ்ந்து தலையில் பாரம் ஏற்றுவதில் மனுசன் கைதேர்ந்தவர்.

ரீச்சர் பதினொரு பிள்ளைகளைப் பிடித்தார். அதில் கௌசிகாவின் பெயர் இல்லை. பெயர் இல்லாதது மட்டுமில்லை, உதவிக்கென்று அவளைத்தான் கூப்பிட்டார். "மகள், நீ உன்ர கொப்பியில இருக்கிற ஆமைக் கதையை இவைக்கு வாசிச்சுக் காட்டு. வாசிக்கிறது எப்பிடி எண்டு கேக்கட்டும்."

கௌசிகா எழும்பி நின்று வாசித்தாள். முட்டையிட வந்த ஆமை மணலில் குழி தோண்டிய கதை. ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வானொலியில் வாசிக்கிற மாதிரி. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் காற்று பக்கத்தைப் புரட்டிவிட்டது. கொப்பியில் இப்போது இருந்தது அதிபருக்கு எழுதும் கடிதம். கௌசிகாவின் வாயில் ஆமை இன்னும் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

ஜெயரூபி பக்கத்திலேயே நின்றார். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பிள்ளை வாசிக்கவில்லை, பாடமாக்கினதைச் சொல்லுகிறாள். நல்ல வேளை, அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒன்றும் கேட்கவில்லை. "காணும் மகள், இரு" என்று மட்டும் சொன்னார்.

பள்ளி விட்ட பிறகு நூலகத்துக்குப் பின்னால் இருந்த களஞ்சிய அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு தாளில் இரண்டு சொல் எழுதி நீட்டினார். கௌசிகா தாளைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள். சத்தமே இல்லாத அழுகை, அதற்கும் பழகியிருந்தாள் போல.

"ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது ரீச்சர்."

"சொல்ல மாட்டன்."

"அம்மாவுக்கும். தம்பிக்கும். அதிபருக்கும்."

"ஒருத்தருக்கும் சொல்லன் பிள்ளை. சத்தியமா."

அந்தப் பார்வையை ஜெயரூபி மறக்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை தன் உயிரைப் பொட்டலம் கட்டிக் கையில் தந்த மாதிரி ஒரு பார்வை.

மாசி மாதத்திலிருந்து இருவரும் அந்தக் களஞ்சிய அறையில்தான். உடைந்த கதிரைகள், பழைய வரைபடங்கள், வலைப்பந்தாட்டக் கம்பம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மேசை. வீட்டில் வலைப்பந்துப் பயிற்சி என்று சொல்லியிருந்தாள். படிக்க எடுத்தது இரண்டாம் ஆண்டுத் தமிழ்ப் புத்தகம். கௌசிகாவே அதற்குக் கபில நிற உறை போட்டு, மேலே "விஞ்ஞானம் – தரம் 10" என்று எழுதிக்கொண்டு வந்தாள். வேறு ஒரு புத்தகத்தைப் பார்த்துக் கீறினது. எழுத்து வழக்கம்போல முத்து முத்தாக.

ஆனால் அந்தப் புத்தகத்தில் முயலும் பூனையும் பந்து விளையாடிக்கொண்டிருந்தன. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முயலென்ன பூனையென்ன! மூன்றாம் நாளே ரீச்சர் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவளுக்குத் தெரிந்த உலகத்தைத் துண்டு துண்டாகக் கொண்டுவரச் சொன்னார். மருந்துப் பைக்கற்றின் மேல் எழுதியிருப்பது, பஸ் பலகை, கல்யாண அழைப்பிதழ், மீன்பிடிச் சங்கத்தின் அறிவித்தல். சூடை, பாரை, சீலா, கும்பளா என்று மீன் பெயர்களை எழுதி வெட்டி மேசையில் பரப்பினார்கள். அவள் தகப்பன் கோணாமலை கரைவலைக்காரர். வலையில் எது விழுந்தது என்று அவள் சொல்ல, ரீச்சர் எழுத, அவள் வாசிப்பாள். விரல் சொல்லுக்குக் கீழே ஊர்ந்து போகும். நெற்றியில் வியர்க்கும். தடக்கி விழுந்து எழும்பி ஒரு வரி முடிப்பதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கும். இந்தத் தடக்கலைத்தான் அவள் ஒன்பது வருடமாக ஒருவருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தாள். இப்போது ஒருவருக்குக் காட்டினாள்.

ஆனி மாதம் ஒரு காலை, மணி அடிக்க முதல் ஓடி வந்தாள். "ரீச்சர், சங்கத்துப் பலகையில போட்டிருந்தது. 'இன்று கடலுக்குச் செல்ல வேண்டாம்.' நான்தான் முதல் பார்த்தனான். அப்பாவுக்கு நான்தான் சொன்னனான்!" சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள், யாராவது கேட்டிருப்பார்களோ என்று.

ஜெயரூபி அன்றைக்குப் பஸ்ஸில் சிரித்துக்கொண்டு போனார். பக்கத்துச் சீற்றில் இருந்த ரபீக்கா ரீச்சர், "என்ன, சம்பளம் கூட்டிப்போட்டாங்களா?" என்று கேட்டாராம்.

மூன்று மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலுக்குத்தான். புரட்டாதி வந்தபோது கௌசிகா கெஞ்சத் தொடங்கினாள். "நாலு மணி பஸ்ஸில போங்கோ ரீச்சர். இன்னும் ரெண்டு வரி." ரீச்சர் இருந்தார். அப்படி இருந்த ஒரு நாள்தான் அந்தக் கதை வந்தது.

"எனக்கு ஏடு தொடக்கேல்ல ரீச்சர். அம்மா குவைத்தில, அப்பா கடல்ல. என்னை இலங்கைத்துறையில மாமி வீட்டில விட்டிருந்தவை. ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகேல்ல. அதாலதான் இவளுக்கு எழுத்து ஏறாது எண்டு மாமி இப்பவும் சொல்லுறவ. உண்மையோ?"

விசர்க் கதை, நீ இவ்வளவு வாசித்த பிறகும் அதை நம்புகிறாயா என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஜெயரூபி சொல்லவில்லை. அவருக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்தது, சரஸ்வதிக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டால் எங்கேயோ ஒரு முடிச்சு இருக்கும் என்று. படித்த மனுசிதான், என்ன செய்ய! விஜயதசமிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்ச் சின்னப் பிள்ளைகளை மடியில் இருத்தி, தாம்பாளத்து அரிசியில் விரல் பிடித்து ஐயர் முதல் எழுத்து எழுத வைப்பார். வருடா வருடம் நடக்கிற ஏடு தொடக்கல் அதுதான்.

"அப்ப தொடக்குவம். அந்தப் பயத்தையும் துடைச்சுப் போடுவம்."

"சின்னப் பிள்ளையளோடயோ!"

"சீ. ஐயர் ஆறரைக்கு வருவார். நீ, நான், ஐயர். சனம் எட்டு மணிக்குத்தானே வரும். அதுக்குள்ள முடிச்சுப்போடலாம்."

ரீச்சர் சொன்னதால்தான் கௌசிகா ஓம் என்றாள்.

அதே கிழமை அதிபர் அறையில் வலயத்துக்கு அனுப்பும் அறிக்கை எழுதினார்கள். பதினொரு பிள்ளைகளில் நாலு பேர் வகுப்புக்கே வருவதில்லை, மற்றவர்கள் ஏதோ இழுபடுகிறார்கள். குலசிங்கம் சேர் பேனையை மேசையில் போட்டார். "என்ன ரீச்சர், ஒரு முன்னேற்றமும் இல்லையோ? ஒரு பிள்ளையெண்டாலும்?"

ஜெயரூபிக்குச் சுள்ளென்றது. எட்டு மாதம் தினமும் தூசிக்குள் இருந்தது யார்? பஸ்ஸை விட்டுவிட்டு நின்றது யார்? "இருக்கு சேர்" என்று தொடங்கினார். தொடங்கினால் நிறுத்த வரவில்லை. கொப்பி, ஆமை, சங்கத்துப் பலகை, ஏடு, எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியில்தான், "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ சேர்" என்றார்.

"எனக்கென்ன விசரே?" என்றார் குலசிங்கம். கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே நெகிழ்ந்துபோன மனுசன். அதுதான் ஆபத்து.

விஜயதசமி அன்று ஆறே காலுக்கு ஜெயரூபி ஓட்டோவில் வந்து இறங்கினார். கௌசிகா முழுகி, வெள்ளைச் சீருடை போட்டு, நெற்றியில் திருநீறோடு மண்டப வாசலில் நின்றாள். ஆறரை ஆயிற்று. ஏழு ஆயிற்று. ஐயரின் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. ஏழே காலுக்கு அவரே எடுத்து, இன்னும் இரண்டு இடம் முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். ஏழரைக்கு மூன்று வயதுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய் தகப்பன்மார் வரத் தொடங்கினார்கள். கடலை அவிக்க வந்த பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பின்னால் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். கௌசிகாவின் தம்பி நிலக்சன், மூன்றாம் ஆண்டுக்காரன், கடலைக்காக முன்வரிசையில் வந்து இருந்தான்.

"ரீச்சர், வேண்டாம். நான் வீட்ட போறன்."

போ மகள் என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒரு மூச்சு. ஜெயரூபி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் பொறு. இவ்வளவு நேரம் நிண்டிட்டாய். ஐயர் வந்தவுடன முதல் ஆளா இருந்து எழும்பினால் ஒருத்தருக்கும் விளங்காது. உதவிக்கு நிக்கிறாய் எண்டு நினைப்பினம்."

ஐயர் வந்தார். அதிபர் மைக்கைப் பிடித்தார். அவர் கையில் மைக் கிடைத்தால் ஆண்டவனே வந்தாலும் பிடுங்க ஏலாது.

"இன்று இந்த மழலைகளோடு எமது பத்தாம் ஆண்டு மாணவி செல்வி கோணாமலை கௌசிகாவும் ஏடு தொடக்குகிறார். வாசிக்கத் தெரியாமலே பத்தாம் ஆண்டு வரை வந்த இந்தப் பிள்ளையை எமது ஜெயரூபி ஆசிரியை கைபிடித்து இன்று வாசிக்க வைத்திருக்கிறார். வெட்கப்படாமல் முன்வந்த மகளுக்கு எல்லாரும் ஒரு முறை கைதட்டுங்கள்!"

சனம் கைதட்டியது. கேலிக்கில்லை, மனம் உருகித் தட்டியது. பின்னால் இருந்து ஒரு சிரிப்பு மட்டும் வந்தது. நிலக்சன் திரும்பித் தமக்கையைப் பார்த்தான்.

ஜெயரூபியின் கைக்குள் இருந்த கை உருவிக்கொண்டது. கௌசிகா தானாகவே நடந்து போய் ஐயருக்கு முன்னால் இருந்தாள். "மடியில இருத்த ஏலாது பிள்ளை, பக்கத்தில இரும்" என்று ஐயர் பகிடி விட, மண்டபம் சிரித்தது. அவர் விரலைப் பிடிக்கக் கை நீட்ட முதலே அவள் அரிசியில் எழுதிவிட்டாள். அவ்வளவு வடிவான அகரத்தை அந்தத் தாம்பாளம் அதற்கு முதல் கண்டிராது. "ஆகா!" என்றார் ஐயர். கௌசிகா எழும்பி, விரலில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, பக்கக் கதவால் வெளியே போனாள்.

பின்னால் ஓடியிருக்கலாம். வரிசையில் இருபத்தாறு சின்னப் பிள்ளைகள் நின்றார்கள், தாம்பாளத்து அரிசியைச் சமப்படுத்திக் கொடுக்கிற வேலை ஜெயரூபியுடையது. பிறகு போய்க் கதைக்கலாம் என்று நினைத்து அரிசியைச் சமப்படுத்தினார்.

அடுத்த நாள் கௌசிகா வரவில்லை. அந்தக் கிழமை வரவில்லை. காய்ச்சலாக்கும் என்றார்கள். பதினொரு பேரில் வந்துகொண்டிருந்த பெரிய பிள்ளைகளும், தங்கள் பெயரும் மைக்கில் வருமோ என்று, ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வீட்டுக்குப் போக வேண்டும், போக வேண்டும் என்று ஜெயரூபி தினமும் நினைத்தார். தவணைச் சோதனைத் தாள் திருத்தல் வந்தது. பிறகு மழை வந்தது. உண்மையில் வந்தது பயம். மூன்று கிழமை கழித்து, கபில உறை போட்ட புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் போனார்.

கடற்கரைப் பக்கத்தில் சீமெந்துக் கல் வீடு. தாய் யோகம்மா ஓடி வந்து கதிரையைத் துடைத்துப் போட்டார். "வாங்கோ ரீச்சர், நீங்களே வந்திட்டீங்கள்!" அந்த முகத்தில் ஒரு குறையும் இல்லை, அதைப் பார்க்க ஜெயரூபிக்கு ஏலாமல் இருந்தது.

"படிச்சது காணுமாம் ரீச்சர். மாசியில பதினாறு முடிய ஹோட்டலில துணி தோய்க்கிற இடத்துக்குப் போகப் போறாளாம். நான் எவ்வளவோ சொல்லிப்போட்டன். இன்னொரு விசயம். சனம் கண்டபடி கதைக்குது. என்ர பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதாம். நான் படிக்காதவள்தான், எண்டாலும் எனக்குக் கண் தெரியும்தானே?" யோகம்மா அலுமாரியைத் திறந்து கொப்பிகளை அள்ளிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றாக விரித்தார். "இது உங்கட எழுத்துத்தானே? சிவப்பில. இது என்ன எண்டு போட்டிருக்கிறீங்கள்?"

"மிக அழகு" என்றார் ஜெயரூபி.

"பாத்தீங்களே. இது?"

"அதுவும் அதுதான்."

கௌசிகா தேத்தண்ணியோடு வந்தாள். மெலிந்திருந்தாள். பழைய அடக்கமான சிரிப்பு முகத்தில் இருந்தது, எட்டு மாதம் களஞ்சிய அறையில் காணாத சிரிப்பு.

"மகள்" என்றார் ஜெயரூபி. "பிழை என்னிலதான். நான்தான்…"

"நீங்கள் என்ன பிழை செய்தனீங்கள் ரீச்சர்?" என்று அவள் இடையில் மறித்தாள். அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு தூரத்தில் நின்று.

"ரீச்சருக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டன் பிள்ளை" என்றார் யோகம்மா. "ரீச்சர், நீங்கள் உங்கட வாயால சொன்னாத்தான் இந்தச் சனத்துக்கு நான் திருப்பிச் சொல்ல ஏலும்." கையில் விரிந்திருந்த கொப்பியை அப்படியே மகளிடம் நீட்டினார்.

ஜெயரூபி இருந்த இடத்திலிருந்து பக்கம் தெரிந்தது. வலது மூலையில் முகவரி, கீழே "ஐயா". அதிபருக்கு எழுதும் கடிதம். சின்னச் சின்ன வரிகள். புரட்டாதியில் இதை இவள் வாசித்திருக்கிறாள், விரல் வைத்து, தடக்கித் தடக்கி, முழுவதையும்.

கௌசிகா விரல் வைக்கவில்லை. கொப்பியை நெஞ்சுக்கு நேரே பிடித்து நிமிர்ந்து நின்று, "ஓர் இரவு தாய் ஆமை ஒன்று கரைக்கு வந்தது" என்று தொடங்கினாள். ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வானொலியில் வாசிக்கிற மாதிரி. பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த நிலக்சன், "அக்கா, இதில ஆமை…" என்று வாயெடுத்தான். அவள் வாசிப்பதை நிறுத்தாமலே அவன் தோளில் கையை வைத்தாள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியும். அதுதான் ஜெயரூபியின் நெஞ்சைப் பிடித்து முறுக்கியது. இவருக்கு முன்னால் இனி ஒருக்காலும் தடக்க மாட்டேன் என்றுதான் அந்தப் பிள்ளை ஆமைக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

ஆமை முட்டையை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பியது. யோகம்மாவின் முகம் பூரித்துப்போயிருந்தது. "இப்ப சொல்லுங்கோ ரீச்சர். என்ர பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதோ?"

கௌசிகா அப்போதுதான் ரீச்சரை நேரே பார்த்தாள். மாசி மாதம் களஞ்சிய அறையில், ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது என்று கேட்டபோது பார்த்த அதே பார்வை. உண்மையைச் சொன்னால் தாய் அவளை எப்படியாவது பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக்கூடும். அந்தப் பொட்டலத்தை இன்னொரு தரம் நடுச் சனத்தில் அவிழ்த்ததாகவும் போகும். ஜெயரூபி வாயைத் திறந்தார். கைப்பைக்குள் கபில உறைப் புத்தகம் முழங்காலில் முட்டிக்கொண்டு இருந்தது.

"மிக அழகு" என்றார்.

கௌசிகா கொப்பியை மூடினாள். மற்றக் கொப்பிகளையும் அடுக்கி எடுத்து, குடிக்காத தேத்தண்ணிக் கோப்பையையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"மூண்டு மணி பஸ் போயிடும் ரீச்சர்" என்றாள்.